எலுமிச்சைத் தோல் ஊறிய மூன்று டிரம்கள்

எங்கள் வீட்டுக்கு மூன்று கதவு, ஐந்து ஜன்னல். தரையில் இருநூற்றுப் பதினாறு டைல்ஸ். குளியலறைச் சுவரில் தனியாக நாற்பத்தெட்டு. தரையைத் துடைக்கிறவனுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். தேவை என்றுதான் இன்றும் சொல்வேன். எண்ணாமல் துடைத்தால் மூலையில் இரண்டு டைல்ஸ் விட்டுப் போகும். அந்த இரண்டில்தான் பல்லி எச்சம் இருக்கும்.

நான் முப்பத்தொரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். சந்தவாசலில் பிறந்து, அடிவாரத்து ஊர்களில் கிணறு கிணறாக, சாக்கடை சாக்கடையாகப் பிளீச்சிங் பவுடர் போட்டே வயதானவன். எனக்குச் சுத்தம் என்றால் அது மூக்கில் ஏற வேண்டும். நெடி இல்லாத இடத்தை யார் சுத்தம் என்று சொன்னாலும் நம்ப மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்தேன். வாரத்தில் மூன்று நாள் ஃபினாயில், இரண்டு நாள் பிளீச்சிங் பவுடர், ஒரு நாள் கழிவறைக்கு ஆசிட், மீதி ஒரு நாள் கொசு மருந்து. ஏழு நாளும் சரியாகப் போயிற்று.

மனைவிக்கு வீசிங் உண்டு. அவள் மூச்சுக்காகத்தான் மலைக்கே வந்தோம். ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறுகிற சாலையில், நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள ஓர் ஊரில் கொஞ்சம் இடம் கிடைத்தது. சின்னதாக வீடு கட்டிக்கொண்டோம். காற்று நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது, எங்கள் வாசல் வரைக்கும். வாசலுக்கு உள்ளே என் காற்று.

இங்கே தண்ணீரில் உப்பு அதிகம். குளியலறைச் சுவரில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கறை படியும். போன வருடம் மழை விட்ட சமயம், ஒரு காலையில் குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சுவர்க் கறைதான் கண்ணில் பட்டது. தரையில் தூவியது மறந்துவிட்டது. ஆசிட் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும் என்று நான் எத்தனை ஊரில், எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! நானே சேர்த்தேன். புகை எழும்பியது. கண்ணும் தொண்டையும் எரிந்து நான் கத்தினேன். கத்தியதைக் கேட்டு உள்ளே ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தவள் அவள். எனக்கு இரண்டு நாள் இருமலோடு போயிற்று. அவளுக்கு நான்கு நாள் ஆஸ்பத்திரி, பதினொரு முறை மூச்சு மருந்து மெஷின்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம்தான் கேட்டார்.

"வீட்டுல என்ன போட்டுத் துடைக்கிறீங்க?"

நான் ஏழு நாளையும் வரிசையாகச் சொன்னேன். பாதியில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"வீட்டுக்கா, மார்க்கெட்டுக்கா?" என்றார். "இனிமே இந்த நெடி எதுவுமே அவங்க பக்கத்துல இருக்கக் கூடாது. நெடி போற வரைக்கும் அந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போகாதீங்க."

மனைவி ஆலங்காயத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். ஜீப்பில் ஏறுவதற்கு முன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "வாசனை போனா போச்சுன்னு சொல்லுங்க, வர்றேன். போவலன்னா போவலன்னு சொல்லுங்க. பொய் சொல்லிக் கூப்பிட்டுக்கினு வராதீங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். பதினான்கு பாட்டில், இரண்டு மூட்டை பவுடர். பிரிக்காத பாட்டில்களைக் கடைக்கே திருப்பி அனுப்பினேன். பவுடரை ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறவர் எடுத்துக்கொண்டார். திறந்த ஐந்தாறு பாட்டில்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஓடையில் ஊற்ற மனம் வரவில்லை. மூடி இறுக்கி, கோணியில் கட்டி, மோட்டார் அறையில் பூட்டினேன். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. யாராவது வழி சொன்னால் நல்லது.

அடுத்த சிக்கல் நான் எதிர்பாராதது. ஐந்து ஜன்னலையும் மூன்று நாள் திறந்து போட்டேன். மூன்றாம் நாள் நடுக்கூடத்தில் நின்று ஆழமாக மூச்சிழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டது என்று சந்தோஷமாக அவளுக்குப் போன் செய்யக் கிளம்பினேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் சுண்டைக்காய் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா பெரிப்பா, வூடு இன்னும் ஆஸ்பத்திரி மாரியே கீது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முப்பத்தொரு வருடத்தில் என் மூக்கு அந்த நெடியை ஒரு நெடியாகவே எடுத்துக்கொள்வதில்லை. வீடு சுத்தமா இல்லையா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. வேறு மூக்கு வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணையே கேட்டுக்கொண்டேன். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சாமை அறுப்பு இல்லாத நாட்களில் புளி உடைக்கிற வேலை. புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் புளியை உடைத்து, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, நார் உருவித் தருவாள். தினம் காலையில் வேலைக்கு உட்காரும் முன் என் வீட்டுக்குள் ஒரு சுற்று வருவாள். நான் பின்னாலேயே நோட்டோடு போவேன்.

"கூடம்?"

"கீது."

"படுக்கையறை?"

"கீது. அந்த ஜன்னல் துணியில ஒட்டிக்கினு கீது."

"சமையலறை?"

"இங்க ரசம் வாசனைதான். உப்பு தூக்கலாப் போட்டுட்டியா பெரிப்பா?"

உப்பை மோந்து பார்த்தே சொல்லுகிற மூக்கு அது. எனக்கு நம்பிக்கை வந்தது.

முதலில் நான் செய்ததெல்லாம் போனில் பார்த்தவை. சோடா உப்பைத் தூவி அதன் மேல் எலுமிச்சைச் சாறு பிழிவது. பொங்கு பொங்கென்று பொங்கும். பார்க்க அவ்வளவு அழகு. பொங்கி முடிந்த பிறகு கறை அப்படியே இருக்கும். எட்டு எலுமிச்சை போயிற்று. ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்கிறது, தனித்தனியாகப் போட்டால்தான் வேலை செய்கிறது என்று பிறகு கண்டுபிடித்தேன். வேதியியல் படித்தவனுக்கு இது முதல் எலுமிச்சையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஒரு முறம் நிறையப் பூந்திக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தாள். மலையில் தாராளமாகக் கிடைக்கிறது. அவர்கள் தலைக்கும் துணிக்கும் அதைத்தான் போடுகிறார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மியில் வைத்து உடைத்தேன். தூள் பறந்தது. தொடர்ந்து இருபத்துமூன்று தும்மல். பன்னிரண்டாவது தும்மலில் கண்ணாடி கழன்று விழுந்தது. வெளியே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வூட்டுக்குள்ள வெச்சி யாராச்சும் ஒடைப்பாங்களா பெரிப்பா? வெளிய வந்து காத்துப் பக்கமா ஒக்காரு. கொட்டைய எடுத்துடு, தோலை மட்டும் ராத்திரி ஊறப் போடு, காலைல கொதிக்க வை. அவ்ளோதான்."

ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பன்னிரண்டு காய். எட்டு போட்டால் நுரை போதவில்லை, பதினாறு போட்டால் தரை வழுக்குகிறது. ஜன்னல் துணி பத்தையும், தலையணை உறை ஆறையும், மிதியடிகளையும் அதில் அலசி வெயிலில் போட்டேன். மரக் கட்டிலைச் சுடுதண்ணீரும் பூந்திக்கொட்டைத் தண்ணீருமாகத் துடைத்து நான்கு நாள் முற்றத்தில் வைத்தேன். தரைக்கும் அதுதான். அலுமினியப் பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பல். கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாளும் வெறும் தண்ணீரும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவள் கூடத்தில் நின்றாள். கண்ணை மூடினாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

"ஒன்னும் இல்ல. சும்மா வூடு மாரி கீது."

நோட்டில் அப்படியே எழுதினேன்.

குளியலறைதான் மிச்சம். அங்கே நெடி போய்விட்டது. சுவர்க் கறை போகவில்லை. அந்தக் கறையால்தான் இத்தனையும் வந்தது என்பதால் அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. பூந்திக்கொட்டை அதனிடம் தோற்றுப்போயிற்று. சாம்பலும் தோற்றது. ஒருநாள் பக்கத்து வீட்டு முற்றத்தில் அவள் புளியிலிருந்து உருவி எறிந்த நாரும் ஓடும் குவியலாகக் கிடந்தன. நாரில் கொஞ்சம் புளி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பித்தளையைத் தேய்க்கிற புளி, சுவரைத் தேய்க்காதா என்று தோன்றிற்று. ஒரு கூடை அள்ளி வந்தேன். ஈரப்படுத்தி, கைப்பிடி கல்லுப்பு சேர்த்து, கறையின் மேல் அப்பி, அரை மணி விட்டு, அதே நாரைச் சுருட்டித் தேய்த்தேன். முதல் டைல்ஸுக்கு நாற்பது தேய்ப்பு. வெள்ளை விட்டது. மஞ்சள் அடுத்த நாள் விட்டது. ஒரு நாளைக்கு நான்கு டைல்ஸ்தான் என் முதுகுக்குத் தாங்கும். பன்னிரண்டு நாளில் நாற்பத்தெட்டும் முடிந்தன.

அன்றே நான் என் மனைவியைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். நான் கூப்பிடவில்லை. ஏன் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிறது, அந்தப் பெண்ணின் மூக்குக்கும் சரி. ஆனால் கிருமி? ஒரு பாட்டிலில், மேலே ஒரு சீட்டு ஒட்டி, இதுதான் மருந்து என்று கையில் எடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் மூன்று நாளில் கெட்டு நாறிவிடுகிறது. அதை எப்படி மருந்து என்று நம்புவது?

அப்போது போனில் ஒரு செய்முறை பார்த்தேன். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. தொண்ணூறு நாள் ஊற வைத்து வடித்தால் தரை, சுவர், கழிவறை எல்லாவற்றுக்கும் ஆகும், வருடக்கணக்கில் கெடாது. கணக்கு இருந்ததால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஜீப்காரரிடம் சொன்னேன். ஆலங்காயத்துக்கும் எங்கள் ஊருக்கும் தினம் ஓட்டுகிறவர் அவர். கீழே ஜூஸ் கடையில் எலுமிச்சைத் தோலும் சாத்துக்குடித் தோலும் சும்மா கொடுப்பார்கள், வாங்கி வாருங்கள், கூடவே வெல்லமும் என்றேன். பதினெட்டுக் கிலோ தோலுக்கு ஆறு கிலோ வெல்லம்தான் வேண்டும். பலம் கூடட்டும் என்று பன்னிரண்டு கிலோவாக வாங்கச் சொன்னேன். வாழ்நாளில் நான் கணக்கை மீறியது மிகக் குறைவு. மீறியபோதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூட்டையை இறக்கும்போது ஜீப்காரர் கேட்டார்.

"சார், பொங்கலுக்கு இன்னும் நாளு கீதே?"

"பொங்கலுக்கு இல்லப்பா. ஊறப் போடுறதுக்கு."

"ஓ," என்றார். மூன்று நீல டிரம்மை இறக்கிக் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

வீட்டின் பின்பக்கம் நிழலில் டிரம்களை வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டி நாளை எழுதினேன். தினம் காலையில் மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். மூன்று டிரம்முக்கு மூன்று புஸ். அப்போது ஒரு புளித்த வாசம் கிளம்பி, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகும். அது எனக்கு நன்றாகவே மணத்தது. ஃபினாயிலைத் தவிர மற்றதெல்லாம் என் மூக்குக்குத் தெரியும்.

தினம் சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்வேன்.

"வாசனை போச்சா?"

"போச்சு."

"அப்போ வரட்டா?"

"இன்னும் அறுபத்துநாலு நாள் இருக்கு."

"எதுக்கு?"

"மருந்து தயாராகணும்."

"இன்னா மருந்து? நான் என் வூட்டுக்கு வர்றதுக்கு நீங்க தேதி குடுப்பீங்களா?"

"அவசரப்பட்டு ஒருதரம் பட்டது போதும்."

அவள் தங்கை வீட்டில் அன்று என்ன குழம்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அறுபத்துநான்கு ஐம்பத்தெட்டாயிற்று, ஐம்பதாயிற்று. அவள் குரலில் சலிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. நான் தொண்ணூறைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்த மலையில் ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சாத ஓடை கிடையாது. அதில் பட்ட அவதி போதும் என்று ஊர்ப் பெண்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்: எந்த வீட்டில் சாராய ஊறல் இருப்பதாகத் தெரிந்தாலும் கூட்டமாகப் போவார்கள், திட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், அந்த வீட்டு ஆளே தன் கையால் அதைத் தரையில் கொட்ட வேண்டும், கொட்டி முடிக்கும் வரை சுற்றி நிற்பார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும். பாராட்டிப் பேசியும் இருக்கிறேன். வெல்லமும் பழத்தோலும் தண்ணீரும் டிரம்மில் போட்டு ஊற வைத்தால் மலையில் அதற்கு என்ன பெயர் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள், காலை மூன்று புஸ்ஸும் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஏழு பெண்கள். முன்னால் நின்றவர் ஊர்ப் பெண்கள் சங்கத்துத் தலைவி. நெடு நெடுவென்று உயரம்.

"அய்யா, வூட்ல கீறீங்களா?"

"இருக்கேன். வாங்க, உட்காருங்க."

"உக்கார வர்லிங்க. ஒன்னு கேட்டுட்டுப் போய்டுவோம். பின்னால டிரம்மு வெச்சிக்கினு கீறீங்களாமே?"

"ஆமா. மூணு."

"அதுல இன்னா கீது?"

"எலுமிச்சைத் தோல், சாத்துக்குடித் தோல், வெல்லம் பன்னிரண்டு கிலோ, தண்ணி அறுபது லிட்டர். இன்னியோட நாப்பத்தோரு நாள்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "படிச்சவர்டி. தேதி போட்டே காச்சுறாரு."

"காச்சுறதா? என்னத்த?" என்றேன்.

தலைவி கைகூப்பினார். "அய்யா, நீங்க எங்க புள்ளைங்களுக்கு எல்லாம் ஊசி போட்டவரு மாரி. உங்கள ஒன்னும் சொல்ல மாட்டோம். நீங்களே உங்க கையால கொட்டிடுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொட்டினால் நாற்பத்தொரு நாள் போச்சு. திரும்ப முதலிலிருந்து தொண்ணூறு நாள்; அதுவரை அவள் ஆலங்காயத்தில். நான் அவசர அவசரமாக, என் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்தது, டாக்டர் சொன்னது, என் மூக்கு, புளி நார் என்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வேலியைத் தாண்டி வந்தாள்.

"அக்கா, பெரிப்பா சொல்றது நெசம். வூடு கழுவத்தான். நான் தெனம் வந்து மோந்து பாக்கறேன்."

"நீ எத மோந்து பாக்கற?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சிவந்துபோயிற்று.

கூட்டத்தில் வயதில் மூத்த ஓர் அம்மா யாரையும் கேட்காமல் பின்பக்கம் போனார். நாங்களும் போனோம். முதல் டிரம்மின் மூடியைத் திறந்து, சுட்டுவிரலை விட்டு நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார். அடுத்ததிலும் மூன்றாவதிலும் அப்படியே. மற்ற ஆறு பேரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மூச்சு விடாமல் நின்றார்கள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர்.

"புளிப்பு கீது, இனிப்பு ரொம்ப கீது, போதை ஏறல," என்றார். "வேலம்பட்டையே போடல. இதக் காச்சினா கழுதை கூடக் குடிக்காது."

தலைவி இடுப்பில் கை வைத்தார். "உனக்கு எப்டி இவ்ளோ தெரியும் அத்தே?"

"என் வூட்டுக்காரன் ஊறல் போடாத வாரம் உண்டாடி? நான் அதக் கொட்டாத வாரம் உண்டா? நீங்கள்லாம் இப்ப வந்து சங்கம் வெக்கறீங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனாலும் தலைவி விடவில்லை. ஊர்க் கட்டுப்பாடு, வீடு கழுவ என்றால் எங்கள் கண் முன்னால் கழுவிக் காட்டுங்கள் என்றார்.

"இன்னும் நாப்பத்தொம்பது நாள் இருக்கும்மா. பக்குவம் வரல."

"வந்த வரைக்கும் காட்டுங்க."

ஒரு குவளை வடித்து, கூடத்தில் முழங்கால் போட்டு, வரிசையாகத் துடைக்க ஆரம்பித்தேன். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பத்து டைல்ஸ், இருபது, முப்பது. பளபளவென்றுதான் இருந்தது. முப்பத்தாறாவதில் துணி தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தேன், 'சர்' என்று ஒரு சத்தம். இரண்டு பங்கு வெல்லம் தன் வேலையைக் காட்டிவிட்டது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவிடுக்கிலிருந்து ஓர் எறும்பு வந்தது. பிறகு நான்கு. பிறகு பதினேழு. அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. வரிசை கட்டி, முதல் டைல்ஸிலிருந்து முப்பத்தாறு வரைக்கும் ஒன்றைக்கூட விடாமல் ஏறின.

"சாராயம் இல்ல, ஒத்துக்கறோம்," என்றார் தலைவி. "ஆனா இது வூடு கழுவறதும் இல்ல. எறும்புக்கு விருந்து."

அந்த நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது.

மனைவி இறங்கினாள். கையில் பையில்லை, ஒன்றுமில்லை. மடியில் இன்ஹேலர் மட்டும். பெண்கள் விலகி வழி விட்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராகக் கூடத்துக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏங்க, இந்த வயசுல இன்னா வேலைங்க இது? ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு பூரா இதே பேச்சு. இந்த ஜீப்புக்காரரு டீக்கடைல சொல்லி, டீக்கடைக்காரரு என் தங்கச்சி வூட்டுக்காரருகிட்ட சொல்லி, அவரு பேப்பர்ல போட்டோ வரும்ங்கிறாரு. பொண்டாட்டிய வராத வராதன்னு நாளு சொல்லிச் சொல்லித் தள்ளினது இதுக்குத்தானா? ஊருக்கெல்லாம் நல்லது சொன்ன மனுசன், ரிட்டயர்டு ஆகி, தனியா வூட்ல ஒக்காந்துக்கினு, பன்னெண்டு கிலோ வெல்லம் வாங்கி..."

ஜீப்காரர் வாசலில் தலை குனிந்து நின்றார். "நான் சாராயம்னு சொல்லல சார். வெல்லம்னுதான் சொன்னேன். கேட்டவங்க மிச்சத்த அவங்களே போட்டுக்கினாங்க."

அவள் அவரையும் விடவில்லை. என் ஃபினாயில் நாட்களிலிருந்து தொடங்கி, நான் கொசு மருந்து அடித்து மல்லிகைச் செடி பட்டுப்போனது, பால் பாத்திரத்தில் பிளீச்சிங் வாசனை வந்தது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினாள். நான் முழங்காலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் என் எதிரில் இருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு. மூன்றரை நிமிடம் ஆகியும் அவள் நிறுத்தவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. திட்டுக்காக இல்லை. போன மழைக்கு முன்னால் இதே கூடத்தில் இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதற்கு அவள் இன்ஹேலரைத் தேடுவாள்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் வாய் திறந்தாள்.

"பெரிம்மா, உனக்கு மூச்சே வாங்கல."

மனைவி நிறுத்தினாள். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். ஐந்து ஜன்னலையும் பார்த்தாள். மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தாள். பாதியில் பயந்து நிறுத்தினாள். பிறகு முழுதாக இழுத்து விட்டாள். இன்ஹேலர் மடியிலேயே இருந்தது.

"குளியலறை?" என்று என்னைக் கேட்டாள்.

போய்ப் பார் என்று கையைக் காட்டினேன்.

அவள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எழுந்து கதவுக்கு வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, இந்தச் செவுத்துல மஞ்சளா ஒரு கறை இருந்துச்சே, எங்க?"

"தேய்ச்சிட்டேன்."

"எதால?"

"புளியால."

"நல்ல புளியவா?" குரல் ஏறியது.

"இல்ல இல்ல. நாருதான். தூக்கிப் போடுற நாரு."

"எல்லாத்தையுமா?"

"நாப்பத்தெட்டும்."

பிறகு குழாய் திறக்கிற சத்தம், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஜீப்காரரைப் பார்த்தாள்.

"ஏம்பா, பேச்சு கொண்டு போன மாரி இதையும் கொண்டு போ. என் தங்கச்சி வூட்ல பச்சைப் பை ஒன்னு இருக்குது. மருந்து மெஷினு அலமாரி மேல இருக்குது. ரெண்டையும் நாளைக்கு எடுத்தாந்துடு."

ஜீப்காரர் சரியென்று சொன்ன வேகத்திலேயே ஓடிப்போனார். பெண்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். வயதான அம்மா மட்டும் திரும்பி, "வெல்லத்தப் பாதியாக் கொறைச்சிப் போடு சாமி, நல்லா வரும்," என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "நாப்பத்தொம்பது நாளு கழிச்சித்தான் வரணுமா, இல்ல இப்பவே இருக்கலாமா?"

"இருக்கலாம்," என்றேன்.

"அப்போ மொதல்ல அந்த எறும்பக் கவனிங்க," என்று கீழே கிடந்த துணியைக் காலால் என் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னலோரக் கட்டிலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள்.